தஞ்சாவூர் சீர்திருத்தச் சபையின் தோற்றம்

தஞ்சாவூர் சீர்திருத்தச் சபை என்பது தஞ்சை மராட்டிய அரசின் தலைநகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் 18 ஆம் நூற்றாண்டில் உருவான லூத்தரன் மரபுக் கிறித்தவச் சபையாகும். தரங்கம்பாடியில் 1706 இல் தொடங்கிய தேனிய மிசனின் கிளையாக இது தோன்றியது. பின்னர் இங்கிலாந்தின் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் (எஸ். பி. சி. கே.) ஆதரவில் வளர்ந்து, 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் மரபுக்குள் வந்தது. செர்மானியப் போதகரான கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சின் பெயரோடு இச்சபை பெரிதும் இணைத்துப் பேசப்படுகிறது. எனினும் அவர் தஞ்சாவூரில் குடியேறுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் உபதேசியார்கள் இங்கு சபையைத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்கு அப்போது ஒரு கோயில் கட்டடம்கூட இருக்கவில்லை.

பின்புலம்

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கர் 1620 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியாகத் தேனியர் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே கோட்டை கட்டினர். தேனிய மன்னர் நான்காம் பிரெடரிக்கு அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, என்றிக்கு புளூட்சோ ஆகிய இருவரும் 1706 சூலை 9 அன்று அங்கே வந்து இறங்கினர். 1707 மே மாதத்தில் முதல் திருமுழுக்கு நடைபெற்றது. அதைப் பெற்ற ஐவரும் அடிமைகள். அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் எருசலேம் எனப் பெயரிடப்பட்ட சிறு கோயில் திறக்கப்பட்டது. அது போதாமற் போகவே, இன்றும் நிற்கும் புதிய எருசலேம் கோயில் 1718 இல் கட்டி முடிக்கப்பட்டது.

தரங்கம்பாடி சிறியதொரு நிலப்பகுதி. அதன் எல்லையைத் தாண்டினால் தஞ்சை அரசின் ஆட்சி. மன்னரின் இசைவின்றி ஐரோப்பியப் போதகர்கள் உள்நாட்டில் சென்று பணிசெய்ய இயலவில்லை. தஞ்சாவூருக்குச் செல்லும் வழி இவ்வாறு சீகன்பால்கின் வாழ்நாள் முழுவதும் அடைபட்டே இருந்தது. அவர் 1719 பெப்ரவரியில் இறந்தார்.

ஆயினும் போதகர் செல்ல முடியாத இடத்துக்குப் புத்தகம் சென்றது. கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சு இயந்திரத்தையும், செர்மனியின் ஆலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளையும் கொண்டு தரங்கம்பாடியில் அச்சுப்பணி தொடங்கியது. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714 முதல் பகுதி பகுதியாக அச்சாகி 1715 இல் நிறைவெய்தியது. நற்செய்திகளும் அப்போத்தலர் நடபடிகளும் அடங்கிய பகுதி தனி நூலாக முதலில் வெளிவந்தது. அந்த நூலே தஞ்சைச் சபையின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று.

சோழ நாடு கிறித்தவத்துக்குப் புதியதன்று என்பதையும் கருத வேண்டும். மதுரை மிசனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகளால் பல ஊர்களில் கத்தோலிக்கச் சபைகள் ஏற்பட்டிருந்தன. எனவே புதிய சபையின் முதல் உறுப்பினர் பலர் பிற சமயத்தவராக அல்லாமல் கத்தோலிக்கராகவே இருந்தனர். இரு தரப்பினருக்கும் இடையில் எழுந்த பூசலின் சுவடு தமிழ் உரைநடையிலும் பதிந்துள்ளது. வீரமாமுனிவர் இயற்றிய வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்கள் லூத்தரன் பிரிவினரை மறுத்து எழுதப்பட்டவை.

இராசநாயக்கன்

தஞ்சாவூரில் சபையைத் தொடங்கியவர் இராசநாயக்கன் என்னும் படைவீரர். 1700 அளவில் பிறந்த இவர் பறையர் வகுப்பினர். பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கராயிருந்த குடும்பத்திலிருந்து வந்து தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராகப் பணியாற்றினார். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் 1720களின் நடுப்பகுதியில் ஒரு பரதேசியின் வழியாக இவர் கைக்கு வந்தது. அதனைப் பலமுறை படித்தபின் தரங்கம்பாடிப் போதகர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் அச்சபையில் சேர்ந்தார். பின்னர் படைப்பணியை விட்டு உபதேசியாரானார்.

இவருடைய பணிமுறை எளியது. படைவீரர் குடியிருப்புகளிலும் உறவினர் வீடுகளிலும் நூலை வாய்விட்டுப் படித்தல், கேட்டவர் வினாக்களுக்கு விடை கூறுதல், ஆர்வம் கொண்டவரைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்று திருமுழுக்குப் பெறச் செய்தல் ஆகியவை அதன் கூறுகள். எழுத்தறிந்தோர் சிலரே இருந்த காலத்தில், படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் ஒரு தெருவுக்கே நூலகம்போல் விளங்க முடிந்தது. எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. இராசநாயக்கனும் அவர் குடும்பத்தாரும் தாக்குதலுக்கு உள்ளாயினர். அவர் ஊரை விட்டு அகலவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராகவே பணியாற்றினார்.

"உபதேசியாராகவே" என்ற சொல்லில் இச்சபையின் பிற்கால வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது எனலாம். கடலூரில் பிறந்து 1718 இல் சீகன்பால்கிடம் திருமுழுக்குப் பெற்ற ஆரோன் என்பவர் 1733 திசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருவாக நியமிக்கப்பட்டார். இந்தியாவின் முதல் சீர்திருத்தச் சபைக் குரு இவரே. இவர் வேளாளர். 1741 இல் தியோகு என்பவர் இரண்டாவது குருவானார். அனுபவத்திலும் பணியின் பயனிலும் இராசநாயக்கன் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் பறையர் ஒருவர் கையிலிருந்து நற்கருணை பெற வேளாளர்கள் உடன்படமாட்டார்கள் என்று போதகர்கள் அஞ்சியதால், அவருக்குக் குருப்பட்டம் வழங்கப்படவில்லை. சபையைத் தொடங்கியவர் அதன் பீடத்தில் நின்று நற்கருணை வழங்காமலே 1771 இல் இறந்தார்.

சுவார்ட்சின் வருகை

சுவார்ட்சு 1726 அக்டோபரில் பிரசியாவின் சோனன்பர்க்கு என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்தில் உள்ளது. 1750 இல் தரங்கம்பாடிக்கு வந்த இவர் சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியில் தங்கிப் பணியாற்றினார். 1767 இல் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தின் ஊழியரானார். தமிழோடு பாரசீகம், மராத்தி, இந்துத்தானி, போர்த்துக்கேயம் ஆகிய மொழிகளையும் அறிந்திருந்தது அரசவையில் இவருக்குப் பெரிதும் துணைசெய்தது.

தஞ்சை மன்னர் துளசாவை இவர் 1769 இல் நேரில் சந்தித்தார். மன்னர் இவரிடம் மதிப்புக் கொண்டார், ஆனால் சமயம் மாறவில்லை. 1773 இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை தஞ்சாவூரைக் கைப்பற்றியது. துளசா பதவி இழந்து, 1776 இல் மீண்டும் அரியணை ஏற்றப்பட்டார். இக்குழப்பங்கள் ஓய்ந்தபின், 1778 இல் சுவார்ட்சு தஞ்சாவூரில் நிலையாகக் குடியேறினார்.

அவர் வந்தபோது சபை ஏற்கெனவே இருந்தது. அவர் செய்தது அதற்கு ஒழுங்கும் தொடர்ச்சியும் ஏற்படுத்தியது. காலையில் உபதேசியார்களைக் கூட்டி வழிபாடு நடத்தி, அவர்களைச் சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, யாரைச் சந்தித்தனர், என்ன கேட்கப்பட்டது, என்ன விடை கூறினர் என்பனவற்றை எடுத்துரைப்பர். திருமுழுக்குக்கு முன் நீண்ட பயிற்சி தரப்பட்டது. மணமாகாத சுவார்ட்சின் சொந்தச் செலவு மிகக் குறைவு. எஞ்சிய ஊதியம் பெரும்பாலும் சபைக்கே சென்றது.

கோட்டைக் கோயில்

தஞ்சைச் சிறிய கோட்டைக்குள், சிவகங்கைக் குளத்தின் அருகே, 1779 இல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திரட்டிய நன்கொடை வேலைக்குப் போதவில்லை. அவ்வேளையில் சென்னை அரசு சுவார்ட்சை ஒரு தூதுப்பணிக்கு அழைத்தது. மைசூரின் ஐதர் அலி கம்பனியின் தூதர்களை நம்ப மறுத்து, சுவார்ட்சு வந்தால் பேசலாம் என்று கூறியிருந்தார் எனச் சொல்லப்படுகிறது. அவ்வாண்டே சுவார்ட்சு சீரங்கப்பட்டணம் சென்று திரும்பினார். தூது பயன் தரவில்லை. 1780 இல் போர் மூண்டது.

ஆனால் அப்பயணத்தால் கோயிலுக்கு ஒரு வழி பிறந்தது. தமக்கெனப் பரிசு எதையும் ஏற்க மறுத்த சுவார்ட்சு, அரசு ஏதேனும் தர விரும்பினால் தஞ்சைக் கோயிலுக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் தரலாம் என்று கேட்டுக்கொண்டார். வழிச்செலவுக்கென ஐதர் அலி அளித்த 300 ரூபாய்ப் பண முடிப்பையும் சென்னை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று கூறப்பட்டதால், தஞ்சாவூரில் ஏழைச் சிறுவர் பள்ளி ஒன்றுக்கு அதை மூலதனமாக்கினார். கோயில் 1780 இல் திறக்கப்பட்டது. கோட்டைக்கு வெளியே, மன்னர் அளித்த நிலத்தில் மிசன் குடியிருப்பும் மற்றொரு வழிபாட்டிடமும் அமைந்தன. தூய பேதுரு ஆலயம் இவ்விடத்தில் உள்ளது.

பஞ்சமும் நெல்லும்

1781 முதல் 1783 வரை ஐதர் அலியின் படையெடுப்பால் காவிரிப் படுகை பாழானது. மக்கள் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். தெருக்களில் பிணங்கள் கிடந்தன. போரை முன்னுணர்ந்து நெல் மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேமித்து வைத்திருந்த சுவார்ட்சு, அதைக் கொண்டு பலருக்கு உணவளித்தார்.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் தம் கடிதத்தில் பதிவு செய்துள்ளார். கோட்டையில் இருந்த படைக்கு உணவில்லை. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்னர் கொடுத்தவற்றுக்கு அரச அலுவலர் பணம் தராமையால், குடியானவர்கள் மன்னரின் வாக்கையும் கம்பனியின் வாக்கையும் நம்பவில்லை. இறுதியில் மன்னர் சுவார்ட்சை நாடினார். பணத்துக்குத் தாம் பொறுப்பு என்று அவர் ஊர்களுக்கு எழுதி அனுப்பிய ஓரிரு நாள்களில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. ஒரு கலம் பன்னிரண்டு மரக்கால் ஆகும் என்பதை நினைத்தால் இதன் அளவு விளங்கும். குடியானவர்களுக்கு உரிய பணமும் வழங்கப்பட்டது.

பின்னர் வரிக்கொடுமையால் ஊர்களை விட்டு வெளியேறிய உழவர்களை மீண்டும் அழைத்துவரும் பொறுப்பும் அவரிடமே விடப்பட்டது. அவர் வாக்கை நம்பி ஏறத்தாழ 7,000 பேர் திரும்பி வந்து, பருவம் கடக்கும் முன் நிலத்தை உழுதனர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறித்தவரல்லர்; பின்னரும் கிறித்தவராகவில்லை. ஆனால் நெல் விளையும் நாட்டில் நெல்லை ஒட்டி எழுந்த நம்பிக்கை, சிறுபான்மைச் சபையொன்று அச்சமின்றி நிலைபெற இடமளித்தது. பிரசங்கங்களைவிட இந்நிகழ்ச்சிகளே சுவார்ட்சின் பெயரை நாட்டுப்புறத்தில் பரப்பின என்று கருதலாம்.

பள்ளிகள்

கம்பனியின் பிரதிநிதி சான் சல்லிவனின் திட்டப்படி 1785 அளவில் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இவற்றைச் சுவார்ட்சு மேற்பார்வை செய்தார். பிராமணர் உள்ளிட்ட உயர்குடி மாணவர்கள் அரசுப் பணியை நாடி இவற்றில் சேர்ந்தனர். சமயமாற்றத்துக்கான வஞ்சகம் எதுவும் இங்கு இருக்கலாகாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். தஞ்சாவூர் தூய பேதுரு பள்ளி தன் தொடக்கத்தைச் சுவார்ட்சின் காலத்தில் காண்கிறது.

தெற்கே பரவுதல்

தஞ்சைச் சபை விரைவில் பிற சபைகளுக்குத் தாயாயிற்று. மராட்டியப் பிராமணக் கைம்பெண்ணான குளோரிந்தா பாளையங்கோட்டையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்து வந்தார். திருமணமின்றி வாழும் நிலையில் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கச் சுவார்ட்சு மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778 இல் அவர் திருமுழுக்குப் பெற்றார். போதகர் இல்லாமலே அவர் அங்கே சபையைக் கூட்டி நடத்தினார். 1780 இல் எழுதப்பட்ட அதன் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. அவர் முயற்சியால் கட்டப்பட்ட கோயிலை 1785 இல் சுவார்ட்சு திறந்துவைத்தார். தஞ்சாவூரில் பயின்ற உபதேசியார் சத்தியநாதன் 1790 இல் தஞ்சாவூரில் குருவாக நியமிக்கப்பட்டு அங்கு அனுப்பப்பட்டார். திருநெல்வேலிச் சீமையில் பின்னர் பெருகிய சபைகளின் தொடக்கம் இதுவே.

தஞ்சைச் சீமையின் தென்பகுதியில் வளர்ச்சி மெதுவாகவே நடந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கண்ணந்தங்குடி, பட்டுக்கோட்டையை அடுத்த ஆனைக்காடு முதலிய ஊர்களில் மிசன் நிலையங்கள் இயங்கின. அதற்கும் தெற்கே அதிராம்பட்டினம் உள்ளிட்ட கடற்கரை ஊர்களில் இசுலாமிய வணிகர் சமூகம் வலுவாக வேரூன்றியிருந்தது. தஞ்சைச் சபையின் கிளைகள் பெரிதும் உள்நாட்டு நெல் விளையும் ஊர்களிலேயே அமைந்தன.

சுவார்ட்சும் சரபோசியும்

துளசா 1787 இல் இறப்பதற்கு முன், தாம் மகனாக ஏற்ற சிறுவன் சரபோசியைப் பாதுகாக்குமாறு சுவார்ட்சைக் கேட்டுக்கொண்டார். மன்னரின் தம்பி அமர்சிங்கின் ஆட்சியில் சிறுவன் துன்புறுத்தப்பட்டபோது, 1793 இல் அவனைச் சென்னைக்கு அனுப்பிக் கல்வி பெறச் செய்தவர் சுவார்ட்சே. 1798 பெப்ரவரி 13 அன்று சுவார்ட்சு தஞ்சாவூரில் இறந்தார். சரபோசி வந்து சேரும்வரை அடக்கம் தாமதிக்கப்பட்டது. அவர் கண்ணீருடன் பேழையின்மேல் பொன்னாடை போர்த்தினார். அதே ஆண்டில் அவர் இரண்டாம் சரபோசி என அரியணை ஏறினார். அவரும் கிறித்தவராகவில்லை. எனினும் கண்ணந்தங்குடியில் கிறித்தவச் சிறுவர்களைப் பேண ஓர் அறநிலையம் ஏற்படுத்தினார்.

சாதி இருக்கை

தொடக்கத்திலிருந்தே இச்சபையில் வேளாளரும் பறையரும் ஒரே கோயிலில், ஆனால் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தனர். நற்கருணையையும் முன்பின்னாகவே பெற்றனர். சுவார்ட்சு இதை விரும்பவில்லை. ஆனால் வற்புறுத்தினால் சபை சிதறும் என்று கருதி, காலப்போக்கில் மறையும் என எதிர்பார்த்தார். அது மறையவில்லை. 1826 இல் உயிர்த்தெழுதல் திருநாளைத் தஞ்சாவூரில் கொண்டாடிய கல்கத்தா ஆயர் இரெசினால்டு ஈபரும் இவ்வழக்கை மென்மையாகவே அணுகினார். அடுத்த வாரமே அவர் திருச்சிராப்பள்ளியில் இறந்தார்.

அக்காலத்தில் தஞ்சை மிசன் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்திடமிருந்து நற்செய்தி பரப்புக் கழகத்துக்கு (எஸ். பி. ஜி.) மாற்றப்பட்டது. புதிய போதகர்கள் இருக்கை வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டனர். இதனைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் ஒருவர் வேதநாயக சாத்திரியார் (1774–1864). சுவார்ட்சால் சிறுவயதில் திருநெல்வேலியிலிருந்து தஞ்சாவூருக்கு அழைத்துவரப்பட்ட இவர், பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். வேதாகமத்தை மாற்றி மொழிபெயர்த்தல், சாதிகளை வலிந்து ஒன்றாக்குதல், திருநாள்களில் பூக்களைத் தடுத்தல், கோயிலில் தமிழ் இசையை நீக்குதல் ஆகிய நான்கையும் கொடுமைகள் என அவர் சுட்டினார். இவற்றுள் தமிழ்ப் பண்பாட்டின் உரிமையும் சாதியின் உரிமையும் ஒரே பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இருதரப்பினருமே தவறினர் என்பது இச்சிக்கலின் முடிச்சு. சாத்திரியார் 1829 இல் மிசன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். கிறித்தவரல்லாத சரபோசி மன்னர் அவரை ஆதரித்தார்.

1833 இல் கல்கத்தா ஆயர் தானியேல் வில்சன் சாதி வேறுபாடு உடனடியாகவும் முழுவதுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று மடல் விடுத்தார். அது தஞ்சாவூரில் நடைமுறைக்கு வந்தபோது வேளாளர் பலர் சபையை விட்டு விலகினர். சிலர் பிறகு திரும்பினர். வேறு சிலர் இவ்வழக்கில் மென்போக்குக் கொண்டிருந்த லைப்சிக்கு லூத்தரன் மிசனில் சேர்ந்தனர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் 1850களில் தஞ்சாவூரில் பணியாற்றியபோதும் இதே வழக்கு மீண்டும் வெடித்தது. பறையர் பக்கத்தின் குரல் இவ்வாவணங்களில் மிகக் குறைவாகவே ஒலிக்கிறது. இராசநாயக்கனின் சபையில் அவர் வகுப்பினர் எங்கே அமர்வது என்பதைப் பிறரே நூறாண்டுக் காலம் விவாதித்தனர்.

பிற்காலம்

லைப்சிக்கு மிசன் வழிவந்த சபைகள் 1919 இல் தமிழ் சுவிசேச லூத்தரன் திருச்சபையாக உருப்பெற்றன. ஆங்கிலிக்கன் பக்கத்தில் இருந்த தஞ்சைச் சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்து, அதன் திருச்சி-தஞ்சைத் திருமண்டிலத்தில் அடங்கியுள்ளது.

சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள கோட்டைக் கோயில் இன்று சுவார்ட்சு கோயில் என அழைக்கப்படுகிறது. இரண்டாம் சரபோசி இலண்டன் சிற்பி சான் பிளாக்சுமனைக் கொண்டு செய்வித்த சலவைக்கல் சிற்பம் அதனுள் உள்ளது. படுக்கையில் கிடக்கும் சுவார்ட்சின் கையைச் சரபோசி பற்றியிருப்பதையும், அருகில் போதகர் ஒருவரும் பள்ளிச் சிறுவரும் நிற்பதையும் அது காட்டுகிறது. சுவார்ட்சின் உடல் கோட்டைக்கு வெளியே, மிசன் வளாகத்துக் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. அதன்மேலுள்ள கருங்கல்லில் சரபோசி தாமே ஆங்கிலத்தில் இயற்றிய இரங்கற்பா பொறிக்கப்பட்டுள்ளது.